பதிமூன்றாம் வாரத்து மரம்

சாலையின் குறுக்கே கிடந்த புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்: கையில் அரிவாளோடு அம்மாசி, அவன் தம்பி முனியன், பஞ்சாயத்து டிவி அறையைக் கூட்டிப் பூட்டும் சாலம்மாள், கரும்பு வெட்டப் போகாத பதினைந்து பெண்கள், ஒரு ஆடு. இந்தப் பக்கம் நடிகர் இளஞ்செழியன் மட்டும். கரியாலூரிலிருந்து அவரை ஏற்றி வந்த ஜீப், மரத்தைப் பார்த்ததும் அவரையும் பெட்டியையும் இறக்கிவிட்டு மலைக்கே திரும்பிவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்த சமயம். மலைமேல் விடுதிக்கு நான்கு நாளாகப் பேப்பர்கூட வரவில்லை. அங்கே உட்கார்ந்துதான் தன் டிவி தொடரின் பதிமூன்றாவது, கடைசி வாரத்தை அவர் எழுதி முடித்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அதோடு மெட்ராஸில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தயாரிப்பாளர் வேறொருவரை எழுத வைத்துவிடுவார். வராத நடிகனுக்கு அந்தத் தொழிலில் ஒரே வழக்கம்தான். சுவரில் அவன் படத்தை மாட்டி, மாலை போட்டு, கதையை நகர்த்திவிடுவார்கள். இளஞ்செழியனே அப்படி மூன்று பேருக்கு மாலை போட்டு எழுதியவர்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. உங்க கோரிக்கை நியாயமானது."

அம்மாசி உற்றுப் பார்த்தான். "சார், நீங்க செவ்வாக்கெழம டிவில வர்ற ஆளுதான?"

இளஞ்செழியன் தலையைக் கோதிக்கொண்டார். "ஆமாம்."

"மாசமா இருக்கற பொண்டாட்டிய மழையில வெளிய தள்ளனீங்களே, அந்த ஆளு?"

"அது நடிப்புங்க. எழுதிக் கொடுத்ததைப் பேசறேன், அவ்வளவுதான்."

"அத்த எழுதிக் குடுத்த நாதாரி யாரு?"

வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் பன்னிரண்டு வாரமாக யாருமே அவரிடம் கேட்காத கேள்வி அது.

"கதை, வசனம் எல்லாம் நானேதான்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஆடு விலகி நின்றது.

"அப்ப வேணும்னே பண்ணிக்கீற," என்றாள் சாலம்மாள். "அந்தச் செல்வி கடைசியில இன்னா ஆவறா?"

கடைசி வாரத்தில் செல்வி ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறாள். பிணத்தருகே இளஞ்செழியன் நான்கு பக்கம் அழுகிறார். விருது கிடைக்கக்கூடிய அழுகை. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கே திரும்பி வந்துடுவாம்மா," என்றார்.

"படிச்சிக் காட்டு."

"அது... இனிமேதான் எழுதணும்."

"அப்ப எழுது சார். டிவி ரூம்புல மேஜ கீது."

அறையில் ஒரு ஜன்னல், மரப்பெட்டிக்குள் ஒரு டிவி. சாலம்மாள் வெளியே பூட்டினாள். "உள்ள டிவி கீது, அதான். தப்பா நெனைக்காத."

முதலில் எழுதியதில் செல்வி திரும்பி வந்து கணவன் காலில் விழுந்தாள். தாள் ஜன்னல் வழியாகவே திரும்பி வந்தது. "அவ ஏன் உழணும்? தள்ளனவன் நீதான?" என்றாள் சாலம்மாள்.

அடுத்ததில் அவர் விழுந்தார். அம்மாசிக்குத் திருப்தியில்லை. "உங்கம்மாகாரி மட்டும் ஊஞ்சல்ல ஆடிக்கினு இருப்பாளா?"

மாமியாரும் விழுந்தாள். பெண்கள் கூடிப் பேசிவிட்டு, வீட்டை செல்வி பேரில் எழுதச் சொன்னார்கள். வாயால் சொன்னால் செல்லாது, ரிஜிஸ்டர் ஆபீஸைக் காட்ட வேண்டும் என்றார்கள்.

ரிஜிஸ்டர் ஆபீஸையும் எழுதினார். மறியல்காரர்கள் மனம் இளகட்டும் என்று, அங்கேயே இடஒதுக்கீட்டை ஆதரித்து ஒன்றரைப் பக்கம் பேசியும் வைத்தார். முனியன் அதைப் படித்துவிட்டு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"இதெல்லாம் டிவில வெட்டிப்புடுவாங்க சார்," என்றான் முனியன். "நீங்க பொண்ணப் பாருங்க."

மத்தியானத்துக்குள் நான்கு பக்க அழுகை போன இடம் தெரியவில்லை. இளஞ்செழியனுக்கு மிஞ்சிய வசனம் இரண்டு "சரிம்மா", ஒரு "மன்னிச்சிடு". எழுதுகிறவன் நடிக்கிறவனை ஒழித்துக் கட்டியிருந்தான்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்து வைத்த சாலம்மாள், தாள்களை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, கேட்டதெல்லாம் எழுதிட்டேன். மறியல்காரங்ககிட்ட சொல்லி அந்த மரத்தை மட்டும் ஒதுக்கச் சொல்லுங்க. கள்ளக்குறிச்சி போய் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிச்சாகணும். இவங்க போராட்டத்துல என் பொழப்பு போயிடும்."

சாலம்மாள் வாசலில் நின்று திரும்பினாள்.

"மறியலு முந்தாநேத்தே முடிஞ்சிபோச்சி சார். கச்சிராயபாளையத்துலேர்ந்து பஸ்ஸு போய்க்கினுதான் கீது. நீ எறங்கி வரப்போறன்னு ஜீப்புக்காரன் சொல்லியிருந்தான். அந்த மரம் உனுக்குன்னு வெட்டனது."

அவளுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது.