எருமையை உடனே நீக்கவும்

பலாபத்வல,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்புக்கும் ஓரளவு மரியாதைக்கும் உரிய மச்சான் ஸஜ்ஜாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், உமது மூத்த சகோதரியும் எனது மனைவியுமான முனவ்வராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கு நீரும் சுகமாகத்தான் இருப்பீர். மகளை ஏவிவிட்டு, விளைவு தெரியும்வரை போனை எடுக்காமல் கொழும்பில் இருந்துகொள்ளும் மனிதருக்குச் சுகத்தில் என்ன குறை.

விஷயத்துக்கு வருகிறேன். உமது மகள் நதா பெருநாள் கழிந்த கையோடு கமராவும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "மாமா, உங்களப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுக்கப் போறேன்" என்றபோதே எனக்குச் சந்தேகம். யாரும் சொல்லித் தராமல் தானாகவே எழுத்துப் படித்து, மிளகு வியாபாரத்தில் கால் ஊன்றி, லக்கலைக் காட்டில் யானையை விரட்டிய ஒருவரைப் பற்றிப் படம் எடுப்பது நியாயம்தான். அதை உமது வீட்டிலிருந்து ஒருவர் எடுப்பதுதான் இடித்தது. ஏனென்றால் அந்த யானையை முதன்முதலில் சந்தேகித்தவர் நீர். உமது கல்யாண விருந்தில் ஒரே சஹன் தட்டில் என்னோடு கைபோட்டுப் புரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "மச்சான், தும்பிக்கை எந்தப் பக்கமா ஆடிச்சு?" என்று கேட்டீர். பொழுது மங்கும் மம்மல் நேரத்தில், தோளில் குரக்கன் மூட்டையோடு, தராசுத் தட்டைப் படிக்கல்லால் அடித்து அடித்து யானையை விரட்டுகிறவன் தும்பிக்கையின் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பானா? அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. சஹனில் இருந்த மற்றவர்களும் மறக்கவில்லை.

சரி, பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று விறாந்தையில் உட்கார்ந்தேன். சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் கமரா என்னைப் பார்க்கவில்லை. விறாந்தைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் தொங்கும் பூப்போட்ட திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரோ வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார்கள். இந்தக் காலத்துக் கமரா எல்லாப் பக்கமும் பார்க்கும் போலும் என்று எண்ணி நான் பேசத் தொடங்கினேன். பேசினேன் என்றால் சும்மா இல்லை, லுஹர் தொழுகைக்கு முன் தொடங்கி மாலை அஸர்வரை. உமது மகள் திரைக்குப் பின்னால், முனவ்வரா வெள்ளைப்பூடு உரிக்கும் இடத்தில், இன்னொரு மைக்கையும் வைத்திருந்தாள். கேட்டதற்கு, "வீட்டுச் சத்தம் வேணும் மாமா" என்றாள். வீட்டில் என்னைத் தவிர வேறு என்ன சத்தம் இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, மாத்தளையில் ஒரு திரைப்பட வட்டத்தில் படம் காட்டினார்கள். தேத்தண்ணீரும் தந்தார்கள். எதற்காகத் தருகிறார்கள் என்று கேட்டேன், சிரித்தார்கள். முதலில் வேறு படங்கள். ஒன்றில் திரை முழுவதும் கீறல். படம் பழுதாகிவிட்டது என்று எழுந்துபோய்ப் படம் ஓட்டுகிறவரிடம் சொன்னேன். "அது அப்படித்தான், இருங்க" என்றார். இன்னொன்று கலேவெல பஸ் நிலையம், ஆனால் முகமே இல்லை, வெறும் கைகள். முகத்தை மறைப்பவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அதில் ஒரு கிழவியின் கை டிக்கட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தது. அவள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று எனக்கு ஏனோ தெரிந்துபோயிற்று. இது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் அது நல்ல படம் என்று நான் சொன்னதாக எங்கும் சொல்லாதீர்.

பிறகு என் படம். திரையில் திரைச்சீலை. அதை விலக்கிக்கொண்டு நான் வருவேன் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் குரல் மட்டும் வந்தது. "எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் எவருமில்லை" என்கிறேன். அந்தச் சீலைக்குப் பின்னாலிருந்து முனவ்வராவின் மெல்லிய குரலில், "அப்ப பக்கத்துல இருந்து எழுத்துக் கூட்டி வாசிச்சுக் காட்டினது ரேடியோவா?" என்று வருகிறது. "தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்" என்கிறேன். "ரெண்டு கரண்டி" என்கிறது திரை. சபை சிரிக்கிறது. யாருக்கும் சொல்லாமல், தனக்குத்தானே, பூடு உரித்துக்கொண்டே சொல்கிறாள். இத்தனை வருஷமாக இந்தத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியவன் நான். ஒரு சொல்கூட என் காதில் விழுந்ததில்லை.

கடைசியில் யானை. நான் தராசுத் தட்டை அடிக்கும் கட்டம். திரைச்சீலை லேசாக ஆடுகிறது. "யானையா?" என்கிறாள் முனவ்வரா. "எரும மாடு."

சபை அடங்கப் பல நிமிடம் ஆயிற்று. எல்லாரும் சிரித்ததால் ஒருவரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். ஒரே சீலையை இவ்வளவு நேரம் காட்டினால் மனிதன் எங்கேதான் பார்ப்பான், கீழே பார்த்தேன். சீலைக்கும் தரைக்கும் இடையில் அவளுடைய பாதங்கள் தெரிந்தன. எழுத்துக்கும் சீனிக்கும் அவை அசையவில்லை. எருமைக்கு மட்டும் இடது பாதம் எழுந்து வலது பாதத்தின் மேல் ஏறி உரசிக்கொண்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அதுவும் ஒரு சூழ்ச்சியாக இருக்கலாம்.

படம் முடிந்ததும் அந்த வட்டத்தை நடத்தும் சாரங்கன் என்ற அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்து மனிதர், கருத்துக் கேட்டார். எழுந்தேன்.

"ஆளைக் காட்டாத படத்துக்கு ஆளை எதுக்குப் பேச வெச்சீங்க?"

"ஐயா, இந்தப் படத்தில அந்தத் திரைச்சீலைதான் ஆள். நீங்கள் கதைக்கிறது பின்னணி."

"பின்னணியா?"

"நல்ல பின்னணி, ஐயா."

என் வாழ்க்கையை என் வாயால் சொன்னேன்; நான் பின்னணியாம். நதாவைப் பிடித்துக் கேட்டால், "மாமிக்குப் போட்டுக் காட்டி, அவங்க சரின்னு சொன்ன பொறகுதான் வெளியில விட்டேன் மாமா" என்கிறாள். ஆக எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நேற்றுப் பள்ளிவாசலை விட்டு வரும்போது தேத்தண்ணிக் கடை முனாஸ், இவ்வளவு காலமும் என்னை அண்ணன் முறை வைத்து 'யானைக் காக்கா' என்று கூப்பிட்டவன், "காக்கா, வீட்டுல பால் இரிக்கா?" என்று கேட்டான். கடையில் இருந்த எல்லாரும் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

இனி இந்தப் படம் கொழும்பில் ஒரு விழாவுக்குப் போகிறதாம். சீனியை வைத்திருக்கட்டும். எழுத்தையும் வைத்திருக்கட்டும். எருமையை மட்டும் நீக்க வேண்டும். எனக்கு இந்த ஊரில் இருக்கும் பெயர் அந்த யானை ஒன்றுதான். நீக்காவிட்டால் அடுத்த பெருநாளுக்கு நீர் இந்தப் படியேற வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஸலாத்தைச் சொல்லும். அல்லாஹ் உமக்கு நீண்ட ஆயுளையும், மகளைக் கண்டிக்கும் தைரியத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
லக்கலையில் நின்றவன் (நின்றது யானைக்கு எதிரில்),
பதுர்தீன்.

பின்குறிப்பு: எழுதியதை ஒட்டுமுன் உரக்க வாசிப்பது என் வழக்கம். இதையும் விறாந்தையில் இருந்து வாசித்தேன். திரைக்குப் பின்னால் பூடு உரிக்கும் சத்தம் நின்றது.

"கமராவத் திருப்பச் சொன்னது நீங்க" என்றாள் முனவ்வரா. "சட்டை மாத்திட்டு வாற வரைக்கும் அங்கிட்டுத் திருப்பி வைன்னு அந்தப் புள்ளைக்கிட்ட நீங்கதான் சொன்னீங்க. வந்ததும் கதைக்கத் தொடங்கிட்டீங்க. அவ எப்பத் திருப்புறது?"

நான் சீலைக்குக் கீழே பார்த்தேன்.

"அது யானைதான்" என்றாள். "மறுநாள் அந்த வழியா வந்த லொறிக்காரங்க கால் தடத்தப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. உங்க உம்மாக்கு நெஞ்சு வருத்தம். யானைன்னு கேட்டா மவுத்தாகிப் போயிருப்பாங்க. அதனால அவங்களுக்கு எருமன்னு சொல்லி வெச்சேன், அதுவே வாயில பழகிப் போச்சு."

"பொறகாவது மாத்திச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க பேச்ச நிப்பாட்டினாத்தானே."

இரண்டு பாதங்களும் அசையாமல் தரையில் இருந்தன.

ஆகவே மச்சான், எருமையை நீக்க வேண்டாம். அதை வெட்டினால், பொய் சொல்லும்போது எழுந்த அந்தப் பாதமும் போய்விடும். யானைக்கு அதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை. கொழும்பில் காட்டும்போது முனவ்வராவுக்கு முன்வரிசையில் ஓர் இடம் பிடித்து வையும். நானும் வருவேன், பின்னணியாக.