மாமியார் கொண்டையில் வசந்தம்

எனக்குத் தெரியாத விஷயம் என்றால் அதைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேசுவேன். பிறவிக் குணம். அது ஒருமுறை என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது எனக்குப் பூமியின் தென்கோடியில், ஆல்பனி என்ற இடத்தில் வேலை. கூட வேலை பார்த்த நிர்மலாவைக் கட்டிக்கொள்ள அவள் பெற்றோரின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. யாழ்ப்பாணத்துக்காரர்கள், வீடு அதே நகரத்து ஹில்ஸ்பரோவில். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். நிர்மலா கோயில் தொண்டுக்கு முன்னமே போய்விட்டாள். நாங்களும் கோயிலுக்குக் கிளம்ப நேரமிருந்ததால் வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுப் பாதையில் என்னை நடக்கக் கூட்டிப்போனார்கள்.

செப்டம்பர் கடைசி, அங்கே வசந்தத்தின் தொடக்கம். முந்தைய நாள் இணையத்தில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். “பாருங்க அங்கிள், மஞ்சளா தொங்குதே, அதான் கோவாய். அது பூத்தா வசந்தம் வந்தாச்சு. தேன் குடிக்குதே, அந்தப் பறவை டூயி.” (இருபது வருஷமாக அங்கேயே குடியிருப்பவரிடம்.)

“ஓம் தம்பி” என்றார் பொறுமையாக.

வசந்தத்தின் இன்னொரு அறிகுறி என் மூக்கு. மகரந்தம் பறந்ததும் அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில்தான் பாதையோரம் வெள்ளை வெளேரென்று குட்டிக் குட்டி மணிகளாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். வெள்ளைப் பூவைக் கண்டதும் தலையில் வைக்கத் தோன்றாதவன் தமிழனா? ஒரு கொத்துப் பறித்து, “ஆன்ட்டி, கோயிலுக்குப் போறோமே, வச்சுக்கங்க” என்று நீட்டினேன்.

அவர் முகர்ந்தார். கணவரைப் பார்த்தார். “உங்கட ஊரில இதைத்தான் வைப்பினமோ, தம்பி?”

“எங்க ஊர்ல பூ வைக்காம கோயிலுக்கே போக மாட்டாங்க ஆன்ட்டி.”

அவர் அதைக் கொண்டையில் செருகிக்கொண்டார். காரில் அங்கிள் நாலு கண்ணாடியையும் இறக்கினார். “நல்ல காத்து, இல்ல?” என்றேன்.

அன்று புரட்டாசிச் சனி. கோயிலில் பாதிப் பேர் விரதம். நாங்கள் போய் உட்கார்ந்ததும் சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். நிர்மலா வந்தாள்.

“அம்மா, உதென்ன தலையில உள்ளிப் பூ?”

(அவர்களுக்கு உள்ளி, நமக்குப் பூண்டு. விரதக்காரர்கள் தொடாத பூண்டு. அதன் காட்டுச் சாதியாம் அது.)

“வடிவா இருந்துது, நானே வச்சனான்” என்றார் அவர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“நான்தான் பறிச்சுக் குடுத்தேன். மூக்கு அடைச்சிருந்துச்சு” என்றேன்.

அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெடியனுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா பொய் சொல்லேல்ல.” சம்மதம் அந்த உருவத்தில்தான் வந்தது.

எங்கள் கல்யாண வீடியோவை யார் பார்த்தாலும் ஓரிடத்தில் நிறுத்தித் திரும்பப் போடச் சொல்வார்கள். நான் மாலையோடு நிர்மலாவை நெருங்குகிறேன். மாமனார் குறுக்கே வந்து, மாலையை நன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, “சரி, போடும்” என்கிறார்.