கிடா சிலுப்பாத நாள்

என்னை அவமானப்படுத்த எத்தனையோ மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். ஒருவரும் முழு வெற்றி பெற்றதில்லை. அந்தப் பெருமை ஒரு கிடாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் அது எதுவுமே செய்யவில்லை. செய்யாமல் நின்றதுதான் வினையாகிவிட்டது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் (எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு). எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்புறம் கல்லூரி, அதற்கு மேலே இன்னொரு படிப்பு, அதற்கும் மேலே இங்கிலாந்தில் வேலை. ஊரில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும், பாங்கிலிருந்து மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்பு சொல்லுவேன். அப்போது எனக்குக் கண்ணில் பவரே கிடையாது.

இங்கிலாந்தில் எனக்கு இரண்டு விஷயங்கள் தீர்ந்துபோயின. ஒன்று வெயில். இன்னொன்று விசா.

வெயில் கதை இது. மாடிப்படி ஏறினால் எலும்பெல்லாம் வலித்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பில் வெயில் பற்றவில்லை என்றார். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் சித்திரை மாதத்து மத்தியானங்களில் நின்று வளர்ந்தவளுக்கு வெயில் பற்றவில்லையாம்! வேறு யாருடைய ரிப்போர்ட்டோ மாறி வந்திருக்கும் என்று அவரிடம் வாதாடினேன். அந்த வாதம் முடிவதற்குள் பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் செய்யும்படி ஆனது.

நான் படுத்திருந்த நேரம் பார்த்து, நான் வேலை பார்த்த கம்பெனி வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் அனுமதியை இழந்தது. எனக்கு விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டது. அப்பீல் போட்டேன், மறுத்தார்கள். இன்னொரு கம்பெனி வழியாக முயன்றேன், அதையும் மறுத்தார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து இறங்கினேன்.

வீட்டில் ஆபரேஷனைச் சொன்னேன். வெயில் பற்றாததையும் சொன்னேன் (அத்தைமார்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்). விசாவை மட்டும் சொல்லவில்லை. “கம்பெனியில நீண்ட லீவு குடுத்திருக்காங்க, ஒடம்பு தேறினதும் திரும்பப் போயிருவேன்” என்றேன்.

இதில் என் வறட்டுக் கௌரவம் பாதி. மீதிப் பாதி என் தங்கை முத்து. அவள் பிளஸ் டூ முடித்து, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடமும் வாங்கி வைத்திருந்தாள். அனுப்ப வேண்டியவர் பெரியப்பா. பழங்காநத்தத்தில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் அவர்தான் எங்கள் குடும்பத்துக்கு சுப்ரீம் கோர்ட். என் அப்பா டீயா காப்பியா என்று கேட்டாலே அண்ணனுக்கு போன் போடுகிற ஆள். பெரியப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “மூத்தவ போனா, நல்லா இருக்கா, ஒத்துக்கிடுறேன். அவளப் பாத்துத்தான் சின்னவளயும் விடுறது. கெடா வெட்டுல வச்சு எல்லாரும் பேசி முடிச்சுக்கிருவோம்.”

ஆக, அந்தப் பிள்ளையின் கோயம்புத்தூர், நான் ஜெயித்த ஆளாகத் தெரிவதில் இருந்தது. விசா போனது தெரிந்தால் முத்து வீட்டோடுதான்.

கிடா வெட்டு அம்மாவின் ஏற்பாடு. நான் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று எங்கள் குலசாமி கருப்புக்கு வேண்டியிருந்தாளாம். பங்காளிகள், மாமன் மச்சான்கள், சம்பந்தக்காரர்கள் என்று கூட்டம் வேன் வேனாக மலையடிவாரத்துக் கோயிலில் வந்து இறங்கியது. மரத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, பூசாரி கையில் மைக்கும் கொடுத்திருந்தார்கள். நான் கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில், வாயில் ஆங்கிலம் கலந்த தமிழ் என்று சுற்றுலா வந்தவள் மாதிரி வலம் வந்தேன்.

எங்கள் பக்கம் கிடாவை எடுத்த எடுப்பில் வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் எங்கோ குறை இருக்கிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நான் இல்லையே! “சாமியெல்லாம் இல்ல. காதுல தண்ணி போனா எந்த ஆடும் சிலுப்பும். இது ரிஃப்ளெக்ஸ்” என்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வகுப்பெடுத்தேன்.

தண்ணீர் ஊற்றினார்கள். கிடா சிலுப்பவில்லை.

மறுபடியும் ஊற்றினார்கள். அது கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவை இழுத்துத் தின்றது.

“என்ன மேடம், ஒங்க ரிஃப்ளெக்ஸு லீவுல போயிருச்சா?” என்றான் அத்தை மகன் சரவணன். அந்த ‘லீவு’ எனக்குச் சுருக்கென்றது.

“வெயிலுக்குத் தண்ணி சொகமா இருக்குல்ல, அதான்” என்றேன். குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

பூசாரி குடத்தோடு காதுக்குள்ளேயே ஊற்றிப் பார்த்தார். கிடா கண்ணை மூடி, சலூனில் தலை கழுவிக்கொள்கிறவர் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் அடுப்பில் உலை கொதித்தது. மசாலா அரைத்து வைத்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கொறை இருக்குப்பா. யாரோ எதையோ மறைக்கிறாக.”

இரண்டு பட்டங்களும் ஒரு வெளிநாட்டு வேலை அனுபவமும் உள்ள நான், ஒரு கிடா என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று மனப்பூர்வமாக நம்பத் தொடங்கினேன். மாலையைச் சரி செய்வது போலக் குனிந்து, அதன் காதில் மெதுவாகச் சொன்னேன்: “விசா போச்சுதான். ஒனக்குத் தெரிஞ்சாச்சு, எனக்கும் தெரியும். நமக்குள்ள இருக்கட்டும். சிலுப்பித் தொலையேன்.”

அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ‘உங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்கிற அந்த முகத்தை நான் ஏற்கெனவே வெளிநாட்டில் பார்த்திருக்கிறேன்.

பூசாரிக்கு அதற்குள் அருள் வந்துவிட்டது. அரிவாளை ஊன்றிக்கொண்டு ஆடினார். “வேண்டுனத வேண்டுனபடி சொல்லலடா! வேண்டுன ஆளு யாரு? முன்னுக்கு வா!”

அம்மா முன்னால் போனாள். “எம்பிள்ள நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டுனேன் சாமி.”

தண்ணீர். சிலுப்பவில்லை.

“அவளுக்கு ஒடம்பு நல்லாகணும்னு வேண்டுனேன் சாமி.”

தண்ணீர். கிடா இன்னொரு பூ தின்றது.

“முழுசாச் சொல்லு!” என்று பூசாரி அதட்டினார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பூசாரியின் பக்கத்தில் போய், வாயைப் பொத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினாள். பூசாரி கையில் மைக் இருந்ததை அவளும் மறந்துவிட்டாள், சாமியும் மறந்துவிட்டது. அம்மாவின் ரகசியம் கூம்பு வழியாக மலை வரைக்கும் போய் எதிரொலித்தது.

“சாமி, அவ அந்தக் குளுருல கெடந்து சீரழியுறா. எம்புட்டுக் கூப்புட்டாலும் வர மாட்டேங்கிறா. அந்த ஊர்க்காரனே, ‘நீ இங்க இருக்க வேணாம், கெளம்பு’ன்னு அவள அனுப்பி வச்சிரணும். அனுப்பிட்டா ஒனக்குக் கருங்கெடா வெட்டுறேன்னுதான் வேண்டுனேன்.”

இந்த இடத்தில் படித்த, பண்பட்ட, நாலு நாட்டு ஆட்களோடு பழகிய ஒரு பெண் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா சொன்னதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரு தாயின் ஆற்றாமை என்று முடிந்திருக்கும்.

நானோ நேராக அம்மாவிடம் ஓடினேன். அதாவது, மைக்கிடம்.

“அப்ப நீதானா அது? நான் அங்க அப்பீல் மேல அப்பீல் போட்டுக்கிட்டுக் கெடக்கேன், நீ இங்க உக்காந்து எனக்கு எதிரா வேலை பாத்தியா? மூணு தடவ விசா இல்லன்னு சொல்லிட்டானேம்மா! இனிமே போகவே முடியாதேம்மா!”

போகவே முடியாதேம்மா, முடியாதேம்மா, முடியாதேம்மா என்று மலை மூன்று முறை உறுதி செய்தது.

அந்த எதிரொலி அடங்கியதும், கிடா தலையில் தொடங்கி வால் வரைக்கும் சிலுப்பியது பாருங்கள், பக்கத்தில் நின்ற எல்லோர் மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. என் கறுப்புக் கண்ணாடியில்தான் அதிகம். பெண்கள் குலவை போட்டார்கள். என் விசா மறுப்புக்குக் குலவை!

குலவை ஓய்ந்ததும் பெரியப்பா என்னிடம் வந்தார்.

“ஏத்தா பாண்டி, அப்ப லீவு இல்லையா?”

“இல்ல பெரியப்பா.”

“வேலை?”

“அதுவும் இல்ல.”

அவர் அப்பாவிடம் திரும்பினார். “பாத்துக்கடா. அம்புட்டுப் படிப்பு படிச்சு, அம்புட்டுத் தூரம் போயி, கடைசில வெறுங்கையோட வந்து நிக்கிறா. சின்னவளுக்குக் கோயம்புத்தூரு வேணாம். உசிலம்பட்டியில டைப்பு படிக்கட்டும், போதும்.”

அப்பா தலையாட்டினார். என் வாயால் ஒரு பிள்ளையின் படிப்பு போயிற்று என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை கூட்டத்தில் இருந்த முத்து வந்து பூசாரி கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அழுதிருக்கிறாள் என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அக்காவத் திருப்பி அனுப்புனது யாரு? நம்ம கருப்பா, வெள்ளக்காரனா?”

“என்னத்தா கேள்வி இது?”

“கருப்புதான் அனுப்புச்சுன்னா, அதுல அக்கா படிப்பு என்ன செஞ்சுச்சு? சாமி செஞ்சதுக்குப் படிப்பக் கொறை சொல்லலாமா? இல்ல, சாமி ஒண்ணும் செய்யல, அக்காவாத்தான் தோத்து வந்தான்னா, அப்ப வேண்டுதல் பலிக்கலன்னு ஆகுது. பலிக்காத வேண்டுதலுக்குக் கெடா எதுக்கு? அவுத்து விட்டுருவோம்.”

சொல்லிவிட்டுக் கிடாவின் கயிற்றில் கை வைத்தாள்.

“ஏய், ஏய்! அவுத்து விடுறதாவது!” மசாலாக்காரர்கள் அலறினார்கள். “ஒல கொதிக்குதுடி!” என்றாள் ஒரு அத்தை. “சாமிதாம்ப்பா அனுப்புச்சு, அதுல என்ன சந்தேகம்? கெடாவே சிலுப்பிருச்சே!” என்றான் சரவணன். வேன் வேனாக வந்திறங்கிய பசித்த கூட்டம் மொத்தமும் ஒரே நொடியில் கருப்பின் கட்சியில் சேர்ந்தது.

பெரியப்பா கிடாவைப் பார்த்தார். அரிவாளோடு நின்ற பூசாரியைப் பார்த்தார். கோயிலைப் பார்த்து, ஞாபகமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சாமி செஞ்சதுதான்.”

“அப்ப நான் கோயம்புத்தூரு?” என்றாள் முத்து, மைக்கிலேயே.

“போத்தா, போ. மொதல்ல அந்த மைக்க அமத்துங்கடா!”

கௌரவம் பார்த்து நான் பந்தியில் உட்காரவில்லை. சரியாக அடுத்த பந்தி வரைக்கும். பிறகு உட்கார்ந்து, பழைய பகையை மனதில் வைத்து இரண்டு முறை கறி வாங்கினேன்.

திரும்பும் வேனில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மூணு தடவையா இல்லன்னு சொன்னான்?”

“ஆமா.”

“ஒரு தடவ சொன்னாப் போதும்னுதான்டி நான் கேட்டேன்.”

சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவே தொடர்ந்தாள். “ஆபரேசன் முடிஞ்சு போன் பண்ணேல்ல, அன்னைக்கு ‘அம்மா குளுருது, போத்தி விடும்மா’ன்ன. நான் இங்க இருந்துக்கிட்டு எதத்தாடி போத்துறது?”

அப்படி ஒரு போன் செய்ததே எனக்கு நினைவில்லை. மயக்க மருந்தில் பேசியிருக்க வேண்டும். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எலும்புக்கு வெயில் தாராளமாகக் கிடைக்கிறது. முத்து மூன்றாம் வருடம் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பஸ்ஸைத் தவறவிட்டாலும், பரீட்சையில் அரியர் விழுந்தாலும், “சின்னத்தை, என்ன வேண்டிக்கிட்டீக?” என்று அம்மாவுக்குத்தான் முதல் போன் வரும். சுற்றுவட்டாரத்தில் யார் பாஸ்போர்ட் எடுத்தாலும், சேலையும் பழமுமாக அம்மாவைப் பார்க்க வருகிறார்கள். “எங்கள மட்டும் ஒண்ணும் நெனச்சுக்கிராதீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் மகன்களை வைத்திருக்கும் பெண்கள் இன்னொரு வாசல் வழியாக வருகிறார்கள். “நீங்க சரியா எப்படிச் சொல்லி வேண்டுனீக?” என்று கேட்டுப் போகிறார்கள். இரண்டு தரப்புக்கும் அம்மா காப்பி கொடுக்கிறாள்.

போன மாதம் நானே வேறொரு நாட்டுக்கு மறுபடியும் விண்ணப்பித்தேன். இந்த முறை மறைக்கவில்லை. அம்மாவை எதிரில் உட்கார வைத்து, சத்தியம் வாங்குகிற தோரணையில் கேட்டேன்: “கருப்புகிட்ட ஏதாவது வேண்டிருக்கியா?”

“சீ, அந்தச் சாமிகிட்ட நான் ஒரு வார்த்த பேசல” என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நிம்மதியாக பஸ் ஏறினேன். உசிலம்பட்டி தாண்டிய பிறகுதான், அம்மா ‘அந்தச் சாமிகிட்ட’ என்று மட்டும் சொன்னது உறைத்தது. அங்கிருந்து மதுரை வரைக்கும் ரோட்டோரம் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் பக்கம் சாமிகளுக்குப் பஞ்சமே கிடையாது.