வேர்க்கும் சிப்பாய்

"அக்கா, இந்த சிப்பாய்க்கு வேர்க்குது."

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வமேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செவுரு ஓதம், கதிரேசா. வெள்ளத் தண்ணி நின்ன பில்டிங்கு."

முடிச்சூரில் இருந்த அந்தத் தனியார் போர் வரலாற்று அருங்காட்சியகம் வெள்ளத்தில் முழுகி, மராமத்து முடிந்து அன்றைக்குத்தான் மறுபடியும் திறக்கிறது. வாசலில் பேண்டு வாத்தியம், உள்ளே ஓவியப் போட்டி, 'வீரர்களுடன் செல்ஃபி' என்று ஏக தடபுடல். பழைய பொம்மைகள் ஊறிப்போனதால், தாம்பரத்து ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வந்த பொம்மைகளுக்கு ராணுவ உடுப்பு மாட்டி, மீசை ஒட்டியிருந்தார்கள். போன வாரம்வரை பட்டு வேட்டியில் நின்றவை. சிரிப்பு மட்டும் மாறவில்லை. நடுவில் இருந்த சிப்பாய் கல்யாண வரவேற்பில் நிற்பவன் மாதிரி கைகூப்பிக்கொண்டிருந்ததால், துப்பாக்கியை அவன் முழங்கையில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஒரு பொம்மைமேல கீறல் விழுந்தாக்கூட உனக்கு வேலை கிடையாது," என்று முந்தின நாளே மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் காவலாளி கதிரேசனை எச்சரித்திருந்தார்.

கதிரேசனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்த குணம். மேடவாக்கம் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முதலாளி மனைவியின் கைப்பையையே சோதித்து, அந்த வேலையைத் தொலைத்தவன். கோவிலம்பாக்கத்தில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். இதுவும் போனால் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

அவன் வேர்க்கும் சிப்பாயை ஒரு சுற்றுச் சுற்றினான். தொப்பி புருவத்தை மறைத்தது, மீசை உதட்டை மறைத்தது.

"அது சரி, இதுக்கு ஏன்க்கா தொப்பை கீது?"

"துணி அடைச்சிருப்பாங்க."

"நேத்து இல்லியே."

"நேத்து சாப்ட்டிருக்காது. போய் வேலையப் பாருய்யா."

கதிரேசனுக்குப் புரிந்துவிட்டது. எவனோ ஒரு திருடன் பொம்மை வேஷத்தில் உள்ளே வந்திருக்கிறான். கூட்டம் கலைந்ததும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வெள்ளிப் பிடி வாளைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான். மேனேஜருக்கு போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப்.

"ஓதம்னா காயட்டும்," என்று ஸ்டாண்டு ஃபேனை இழுத்துவந்து சிப்பாயின் முகத்துக்கு நேராக வைத்தான். வியர்வை காய்ந்தது. அந்த முகத்தில் லேசாக ஒரு சுகம் படர்ந்தது போலவும் இருந்தது. ஃபேனை வேறு பக்கம் திருப்பினான். கழுத்தில் மறுபடியும் வியர்வை அரும்பியது.

"மாட்னியா," என்று தொப்பையைக் கிள்ளப் பாய்ந்தான். ஃபேன் ஒயர் காலில் சிக்கியது. தடுமாறியவன் பக்கத்தில் கைகூப்பி நின்ற சிப்பாய்மேல் போய் விழுந்தான். அதன் தலை கழன்று பீரங்கிக்கு அடியில் உருண்டது.

செல்வமேரி பசை டியூபைத் தேடிக் கொடுத்தாள். அவசரமாகத் தலையை ஒட்டி நிமிர்ந்து பார்த்தால், சிப்பாய் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பப் பார்த்தான். கூப்பிய கை இரண்டும் தோளோடு பெயர்ந்து வந்தன.

வாசலில் பேண்டு முழங்கியது. சிறப்பு விருந்தினரான ஓய்வு பெற்ற பிரிகேடியர் வந்துவிட்டார்.

"நீ போன கேசு," என்றாள் செல்வமேரி. "அந்த உடுப்ப மாட்டிகினு நீயே நில்லு."

உடைந்த பொம்மையைக் கழிவறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். கதிரேசன் மீசை ஒட்டி, துப்பாக்கியை முழங்கையில் மாட்டி, கைகூப்பி நின்றான். திருடன் ஒரு முழ தூரத்தில் நிற்கிறான். பிடிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது.

பிரிகேடியர் நேராக அவனிடம் வந்து, கைகூப்பி, "வணக்கம்," என்றார். கதிரேசன் பதில் வணக்கத்தைப் பல்லைக் கடித்து விழுங்கினான். மூக்கு நுனியில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது.

"என்ன தத்ரூபம். கண்ணுல தண்ணிகூட வருது பாருங்க," என்றார் பிரிகேடியர். "உங்க மேனேஜர் எங்கம்மா? அவரைப் பாராட்டணும்."

"பூ வாங்கப் போயிருக்காரு சார்," என்று செல்வமேரி வாயில் வந்ததைச் சொல்லி, எல்லோரையும் ஓவியப் போட்டிப் பக்கம் அழைத்துப் போனாள்.

கூடம் காலியானது. கதிரேசன் பல்லிடுக்கில் பேசினான். "யார்ரா நீ? கூட்டம் போவட்டும். மேனேஜர்கிட்ட சொல்லி உன்ன உள்ள தள்றேன்."

தொப்பைச் சிப்பாய் அசையாமல், மேனேஜர் லக்ஷ்மிநாராயணனின் குரலில் சொன்னார்:

"ஆடாம நில்லுப்பா கதிரேசா. நான் ஒடைச்ச பொம்மையே இன்னும் என் ரூம் பீரோ பின்னாடிதான் கிடக்கு."