கோழிப்பண்ணையில் ஒரு பலூன்

வேலையில் சேர்ந்த முதல் வருடத்தில் நமக்கு இருக்கும் அறிவு அதற்குப் பிறகு ஒருபோதும் இருப்பதில்லை. இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். ஒரு குழந்தையைப் பார்த்ததும் "தெரியலையே, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றுதான் வாயில் வருகிறது. இந்த இறக்கம் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவேன். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில், ஒரு கோழிப்பண்ணைக்குப் பக்கத்து வேப்பமரத்தடி.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த நான், சென்னைக்குப் போய் ஆக்குபேஷனல் தெரபி படித்துவிட்டு வந்திருந்தேன். கை கால் சரியாக இயங்காத குழந்தைகளுக்குத் தானாக உட்கார, சாப்பிட, சட்டை போட, விளையாடப் பழக்குகிற வேலை. நாமக்கல்லில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு வர வழியில்லாத பிள்ளைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகள், பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதித்த பிள்ளைகள் என்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். பல வீடுகளில் அவர்களுக்கென்று ஒரு பாயும் ஒரு மூலையும் இருந்தன. அதற்கு மேல் என்ன செய்வதென்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அதைச் சொல்லத்தான் நான் போனேன். தோளில் ஒரு பெரிய ரெக்சின் பை. அதற்குள் மணி, கிலுகிலுப்பை, கண்ணாடி, வண்ணத் துணிகள், சின்ன மேளம், விசில். நிறமும் சத்தமும்தான் குழந்தையின் கவனத்தை இழுக்கும் என்று படித்திருந்தேன். (பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் என்னைத் திருவிழாவில் கடை போடப் போகிறவள் என்று நினைத்து விலை கேட்டிருக்கிறார்கள்.)

கோமதிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததும் அழவில்லையாம். கால்கள் இரண்டும் விறைத்துப் பின்னிக்கொள்ளும். வலது கை எப்போதும் இறுகிய முட்டியாகவே இருக்கும். தானாக உட்கார வராது. பேச்சு வரவில்லை, சத்தம் மட்டும் வரும். ஆனால் கண்கள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும். அவளுடைய அப்பா பழனிச்சாமி, கடலை போட்டுக்கொண்டிருந்த காட்டில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கோழிக் கொட்டகை கட்டியிருந்தார். முழங்கால் உயரச் சுவர், அதற்கு மேல் கம்பிவலை, உள்ளே கடலைத் தொட்டி, அதாவது உரித்த கடலையின் ஓடு, பரப்பிய தரையில் வெள்ளை வெள்ளையாகக் கோழிகள். தீவனம் வைப்பதும் முட்டை பொறுக்குவதும் அவரும் மனைவி சரசுவும்தான். சரசு அக்கா முன்பெல்லாம் மகளை இடுப்பிலேயே வைத்திருந்தவர். கொட்டகை வந்த பிறகு இரண்டு கையும் அதற்கே தேவைப்பட்டது. கோமதி உள்ளறையில் பாயில் கிடந்தாள்.

முதல் நாளே சரசு அக்கா என்னிடம் கேட்டார். (எனக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் அந்தப் பக்கத்தில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.)

"ஏனுங் டீச்சர், எம்புள்ள எங்கீயாச்சும் சாஞ்சு உக்கோர மட்டும் ஒரு வழி பண்ணிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க. நான் வேல செய்யற எடத்துல எங்கண்ணு முன்னால இருந்துக்குவா."

"அதெல்லாம் தானா வருங்க்கா. முதல்ல கழுத்து நிக்கணும், அப்புறம் கை வேலை செய்யணும். எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்கு" என்றேன்.

அவர் கேட்டது ஒன்று. நான் கொடுத்தது பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தீவனம் வைக்கப் போய்விட்டார்.

வாரம் தவறாமல் போனேன். கோமதியைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சுக்கடியில் சாக்கில் கடலைத் தொட்டி திணித்த ஓர் உருளையை வைப்பேன். முன்னால் மணியை ஆட்டுவேன். தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கையை நீட்ட வேண்டும். அவள் ஒருமுறை மணியைப் பார்ப்பாள், பிறகு மரியாதைக்காக இன்னொரு முறை பார்ப்பாள், அதற்குப் பிறகு தலையைக் கீழே போட்டுவிடுவாள். மணி போய் மேளம் வந்தது. மேளம் போய்க் கிலுகிலுப்பை வந்தது. பலன் ஒன்றும் இல்லை. பழனிச்சாமிக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் வாசலில் நிறுத்திச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங் டீச்சர். புள்ளைக்கும் நோவுது, உங்களுக்கும் அலைச்சல். இந்த மாசம் பாப்பமுங்க. இல்லீனா உட்ருலாமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை படித்துவிட்டு ஓர் ஐந்து வயதுப் பெண்ணின் தலையைத் தூக்கவைக்க முடியாதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். யோசித்து நான் கண்டுபிடித்த வழி, இன்னும் அதிக நிறம், இன்னும் அதிக சத்தம்.

அடுத்த வாரம் பளபளக்கும் மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டுப் பலூன் வாங்கிக்கொண்டு போனேன். வாசல் முழுக்கக் கடலை காயவைத்திருந்ததால், கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் பாயை விரித்துக்கொடுத்தார் சரசு அக்கா. "சத்தம் சித்தெ கம்மியாவே இருக்கட்டுமுங்க, கோழி வெருளும்" என்றார். சரி என்றேன். (சரி என்று சொன்னதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.)

கோமதியை உருளையின் மேல் படுக்கவைத்தேன். தாழ்ந்த கிளையில் பலூன்களைக் கட்டினேன். விசிலை மெதுவாக ஊதினேன். அவள் பலூனைப் பார்க்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கம்பிவலை ஓரமாய்ச் சுவரில் ஏறி நின்ற ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனம் சிதறுகிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பிடித்துப் பலூன் பக்கம் திருப்பினேன். மறுபடி கோழி. மறுபடி திருப்பினேன். மறுபடி கோழி. விசிலைக் கொஞ்சம் பலமாக ஊதினேன்.

அப்போது ஒரு காற்று வந்தது. நான் போட்ட முடிச்சு ஒன்று அவிழ்ந்து, ஒரு பெரிய பலூன் தரையில் தத்தித் தத்திப் போய்க் கொட்டகைச் சுவரேறி, வலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையில் உட்கார்ந்தது.

வெடித்த சத்தம் பெரிதல்ல. அதற்குப் பிறகு வந்த சத்தம்தான் பெரிது. கொட்டகையில் இருந்த அத்தனை கோழிகளும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே மூலைக்கு ஓடின. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அதன் மேல் இன்னொன்று ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மூலையில் ஒரு வெள்ளைக் குன்று எழுந்தது.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த பழனிச்சாமி இடுப்புத் துண்டோடு ஓடிவந்தார். "அடியில இருக்கறது மூச்சு முட்டிச் செத்துப்போயிரும், வெசயா வா" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து, கோழிகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி இந்தப் பக்கம் விட்டார். சரசு அக்கா பின்னாலேயே ஓடினார். நான் சும்மா நிற்கலாமா? உதவி செய்ய நானும் ஓடினேன். மஞ்சள் புடவையோடு, கழுத்தில் விசிலோடு.

என்னைப் பார்த்த கோழிகள், அதுவரை நடந்தது ஒன்றுமே இல்லை என்பதுபோல் எதிர்மூலைக்குப் பாய்ந்தன. அங்கே இரண்டாவது குன்று எழுந்தது. "டீச்சர், வெளீல போங்க, வெளீல" என்றார் பழனிச்சாமி. போனேன். கதவைச் சாத்தாமல் போனேன்.

என் பின்னாலேயே கோழிகள் வெளியே வந்தன. சில கடலைக் காட்டுக்குள் போயின, சில வாசலில் காய்ந்த கடலைமேல் நடந்தன, ஒன்று பம்புசெட் கூரையில் ஏறிக்கொண்டது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினேன். பிறந்ததிலிருந்து கோழியைச் சமைத்த பிறகுதான் பார்த்தவள் நான். ஒரு கோழியை இந்தப் பக்கம் மடக்கினால் நாலு கோழி அந்தப் பக்கம் போயின. பக்கத்துக் காட்டு ஆட்கள் வரப்பில் வந்து நின்று பார்த்தார்கள். சிரிக்கக் கூடாது என்று அவர்கள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

ஈரத் தலையில் இறகு ஒட்டிக்கொண்டிருக்க, பழனிச்சாமி என் எதிரே வந்து நின்றார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மிகவும் தணிந்த குரலில், கெஞ்சுகிறவர்போலச் சொன்னார்: "டீச்சர், நீங்க சித்த நேரம் எதுவுமே செய்யாம இருங்க."

அப்படியே காட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வேறு வேலை எதுவும் இல்லாததால்தான் திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தேன்.

கோமதியை எல்லோரும் மறந்திருந்தோம். அவள் உருளையின் மேலேயே கிடந்தாள். சாக்கின் ஓரத்தில் சிந்திக் கிடந்த தொட்டியை ஒரு கோழி சாவகாசமாகக் கிளறிக்கொண்டிருந்தது. அவள் தலை முழுதாக நிமிர்ந்திருந்தது. மார்பும் கூட உருளையை விட்டு எழும்பியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை, விக்கல் எடுப்பதுபோல் விட்டு விட்டு வந்தது. இறுகிய அந்த வலது முட்டி, நடுங்கிக்கொண்டே, கோழியை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் திறக்கவில்லை. ஆனால் கை போயிருந்தது.

சரசு அக்காவும் பார்த்துவிட்டார். கையில் பிடித்த கோழியோடு அப்படியே நின்றார். பழனிச்சாமி மூச்சுமுட்டிச் செத்த சில கோழிகளைக் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தவர், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார்.

"பாடம் முடிஞ்சுதுங்களா?" என்றார்.

நாமக்கல் திரும்பியதும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எங்கள் நிறுவனத்தை நடத்திய டாக்டரிடம் சொன்னேன். நடந்ததை முழுக்கக் கேட்டவர், மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நெடுநேரம் குலுங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுறதா இருந்தா அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்து விடு" என்றார்.

நிறமே இல்லாத ஒரு பழைய புடவையில், பை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு போனேன். பழனிச்சாமி வீட்டில் இல்லை. சரசு அக்கா தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"கோழி கெடக்குது உடுங்க டீச்சர். நேத்து இவளத் தூக்கிட்டுப் போயி வலைக்கிட்ட நின்னேன். அன்னைக்கு மாதிரியே கைய நீட்டறா. எத்தன நேரந்தான் நான் இடுப்புல வெச்சுட்டு நிக்கறது?"

முதல் நாள் கேட்டதைத்தான் அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை எனக்குக் காது கேட்டது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், மிச்சமான பலகையை வைத்து ஒரு மூலை நாற்காலி செய்யச் சொன்னேன். இரண்டு பக்கமும் முதுகைத் தாங்கும், முன்னால் ஒரு தட்டுப் பலகை. (பட்டறைக்காரர்கள் பழக்க தோஷத்தில் அதற்குப் பச்சையும் சிவப்புமாகப் பூப் போட்டு, பின்பக்கம் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கோழிகள் அதற்குப் பழக ஒரு வாரம் ஆனது.) கம்பிவலைக்கு வெளியே அந்த நாற்காலியில் கோமதி உட்கார்ந்தாள். உள்ளே சரசு அக்கா முட்டை பொறுக்கினார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடிந்தது. தட்டில் வைத்த கீரைத் தண்டை வலைக்குள் நீட்டுவதுதான் அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி. விரல்கள் திறந்து ஒரு தண்டைப் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடக்க வரவில்லை, வராது என்பதும் தெரிந்தது. பேச்சு வெகு காலம் கழித்து, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு கோமதியின் தம்பி கல்யாணத்துக்கு மோகனூர் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் பட்டுப்புடவையோடு கோமதி, பக்கத்தில் நான். ஒறம்பரையாய் வந்திருந்த சொந்தக்காரர் கூட்டத்தில் ஒரு முட்டை வியாபாரி எங்களிடம் வந்து வணங்கினார்.

"டீச்சர்னு சொல்றாங்க, வைத்தியம் பாக்கறவங்கன்னும் சொல்றாங்க. அம்மணி எதுக்குங்க வைத்தியம் பாக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதியின் கழுத்து நிமிர்ந்தது. அவள் பேசப் போகிறாள் என்றால் அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அன்றும் காத்திருந்தார்கள். உதடு கோணி, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"கோ... ழி... க்கு."

வியாபாரி பெரிய மரியாதையோடு இன்னொரு முறை கும்பிட்டார். "அப்பச் சரிங்க. ஒருநாளைக்கு நம்ம பண்ணைக்கும் வந்துட்டுப் போங்க."

பழனிச்சாமி அவசரமாக வந்து அவர் தோளைப் பிடித்தார். "வேண்டாமுங்க மாப்ள. இக்கட்டால வாங்க, நான் சொல்றேன்" என்று ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கோமதி அந்த விக்கல் சிரிப்பை நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் கோழி டீச்சர் என்று பெயர். அவள் தம்பியின் பிள்ளைகளுக்கு என் உண்மையான பெயர் தெரியாது. நானும் போன் செய்தால், "கோழி டீச்சர் பேசறேன், அத்தைகிட்டக் குடு சாமி" என்றுதான் சொல்கிறேன்.