புட்டு டாக்டரும் பாயின் உப்பும்

திருப்பூரில் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரே மனுஷன் எங்கள் லேப் புட்டு டாக்டர்தான். ஷிப்மென்ட், ஷிப்மென்ட் என்று ஊரே செருப்புத் தேய ஓடும். இவரோ ஒரு சிட்டிகைப் பொடியைத் தட்டில் நிரப்பவே அரை நாள் எடுத்துக்கொள்வார்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பிஎச்.டி. டாக்டர். பொடிக்குள் எக்ஸ்ரே விட்டு, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. பொடி பொலபொலவென்று கிடந்தால் போச்சு.

"இதென்னங்க, புட்டா? உள்ளே அத்தனையும் ஓட்டை! சாய்வா வர்ற கதிரெல்லாம் பொந்துக்குள்ளயே மாட்டிக்கும். கிராப்ல ஆரம்பத்துல எழும்பற முகடு, அந்த பீக், குட்டையாயிருமுங்க."

சரியென்று அழுத்தி அடைத்தால் அதற்கும் திட்டு. "ஏனுங்க, அயர்ன் பண்றீங்களா? துகளெல்லாம் ஒரே பக்கமா படுத்துக்கிட்டா கிராப் பொய் சொல்லுமுங்க!"

கல்யாணப் பந்தியில் ரவாலட்டைப் பிட்டுப் பார்த்து, "உள்ளே காத்து இருக்குதுங்க" என்று சமையல்காரரிடம் வம்புக்குப் போனவர் இவர்.

அவிநாசிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த பாய் ஒருநாள் வந்தார். கழிவுநீரிலிருந்து தானே பிரித்தெடுத்த உப்பு கையில். அதைப் போட்டுத்தான் மறுநாள் எக்ஸ்போர்ட் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டும். அவர் நின்ற அவசரத்துக்கு, லேப் ஆள் பொடியை அள்ளிப் போட்டு மெஷினை ஓட்டிவிட்டார். உப்பு சுத்தம் என்று வந்தது. பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

டாக்டர் கிராப்பைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை.

"சாயத்தைக் கெடுக்கற சுண்ணாம்புக் கசடு, ஜிப்சம், இருந்தா ஆரம்பத்துலதானுங்க காட்டும். அந்தப் பக்கமே அமுங்கிக் கிடக்குது. திரும்ப நிரப்போணும்."

"நல்லா வந்ததைக் கெடுக்கறீங்களே டாக்டர்! இந்த ஆர்டர் போச்சுன்னா பட்டறையை மூட வேண்டியதுதானுங்க."

டாக்டர் பொடியை மறுபடி அரைத்தார், நிரப்பினார், தட்டினார், சமன் செய்தார். இந்த முறை ஆரம்பத்திலேயே பீக் எழுந்து நின்றது. ஜிப்சம். அந்த உப்பைப் போட்டிருந்தால் துணி முழுக்கத் திட்டுத் திட்டாகப் போயிருக்கும். பாய் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இந்த ஆர்டருக்கு வெளி உப்பு போடுங்க. உங்களுதுல ஜிப்சம் எங்க சேருதுன்னு நான் வந்து பார்க்கறேன். கண்டுபிடிக்காம வரமாட்டேனுங்க."

வேலை நேரத்தில் லேப் வாசலைத் தாண்டாத மனுஷன், பாயின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் போனார். ஆர்டர் ஒழுங்காகப் போனது. கோளாறைக் கண்டுபிடித்து, அடுத்த உப்பையும் சுத்தமாக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

நாளைக்கு எனக்கே உடம்புக்கு ஒன்று என்றால், ரிசல்ட்டை இந்த மனுஷன் வாயால்தான் கேட்க வேண்டும்.