கோட்டுப் பையில் ஒரு நோட்டீஸ்

தாய்மாரின் அறியாமைக்காக மேடைதோறும் கண்ணீர் விடும் ஒரு வகைப் பிரகிருதியை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். நாலு பெஞ்சு போட்ட இடத்திலெல்லாம் அவர்தான் தலைவர். எங்கள் சூலூர்த் திருமலைசாமி இந்த ரகத்தில் முதல் தரம்.

மூன்று முறை கனைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, படித்த தாய் முதல் ஆளாக வந்து குழந்தைக்கு அம்மை குத்திக்கொள்வாள் என்றும், படிக்காதவளோ குத்துகிறவர் தலையைக் கண்டதும் பிள்ளையைச் சோளக்காட்டுக்குள் ஒளித்துவைப்பாள் என்றும், ஆகையால் பெண்களைப் படிக்க வைக்கவேண்டும் என்றும் மேஜையைத் தட்டுவார். கைதட்டல் பிரமாதமாக இருக்கும். அவர் வீட்டில்? மிஷன் பள்ளி வாத்தியாரம்மா சாராளிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளட்டுமா என்று மனைவி பாவாத்தாள் கேட்டபோது, மாடு கறக்க எழுத்து எதற்கு என்று முடித்துவிட்டார்.

போன மாசியில் ஊருக்குள் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை கண்டது. திருமலைசாமியின் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் நோட்டீஸ் வந்தது.

"ஏனுங்க, இதுல என்னங்க போட்டிருக்குது?"

"கவர்மெண்டுக் காயிதம் அம்மணி. உனக்கு எதுக்கு?"

கோட்டுப் பையில் அதைச் செருகிக்கொண்டு, புதன்கிழமை காரமடைக் கூட்டத்துக்கு பஸ் ஏறினார். அங்கே அதே நோட்டீஸை உயர்த்திக் காட்டி, அச்சடித்து வீடு தேடிக் கொடுத்தும் தாய்மார் படிப்பதில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூலூர்ச் சாவடியில் அம்மை குத்தும் நாள் அந்தப் புதன்கிழமைதான் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவரும் படிக்கவில்லை.

மறுநாள் காலை, துவைக்க எடுத்த கோட்டில் நோட்டீஸ் அகப்பட்டது. பாவாத்தாள் இரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாராளிடம் ஓடினாள். சாராள் படித்துச் சொன்னாள்: இங்கே நேற்றே முடிந்துவிட்டது. இன்று பக்கத்து ஊரான கண்ணம்பாளையத்தில் என்று கடைசி வரியில் இருந்தது. நல்ல வெயிலில் நடந்தே போய், மகளின் கையில் குத்திய காயத்தோடு திரும்பிவந்தாள்.

"புள்ளைக்கு அம்மை குத்திக்கிட்டு வந்துபோட்டேனுங்க. நாளையிலிருந்து நான் எழுத்துப் படிக்கப் போறேனுங்க" என்றாள். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள். அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

திருமலைசாமி சும்மா இருப்பாரா? அடுத்த கூட்டத்தில், தம் மனைவிக்குக் கல்வியில் ஆசை மூட்டியதே தாம்தான் என்று பேசினார். மாலை போட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டு அம்மாள் பக்கத்தில் வந்து, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை, போய் இலையைப் போடு என்று சொல்வதற்கு முன்னால், தயவுசெய்து ஒருதரம் உங்கள் கோட்டுப் பையைத் தடவிப் பாருங்கள்.